கல்லீரல் சுருக்கம்: ரத்த வாந்திக்கு முன்பே ரிப்போர்ட் சொல்லும் சேதி

(காரைக்கால் மாவட்டம் கருக்களாச்சேரியில் மீனவ மக்களிடையே அரசு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





இன்றைக்கு நான் பேச வந்தது கல்லீரல் சுருக்க நோயைப் பற்றி. டாக்டர்கள் இதை சிரோசிஸ் என்பார்கள். நம்ம பக்கத்தில் "ஈரல் கெட்டுப்போச்சு" என்பார்கள். குடியை விடச் சொல்லி இவர் திட்டப்போகிறார் என்று நினைத்து யாரும் எழுந்து போக வேண்டாம். அதையும் சொல்வேன். ஆனால் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு.

கல்லீரல் சுருக்கம் பல வருடம் சத்தமே இல்லாமல் இருக்கும். ஆள் கடலுக்குப் போவார், வருவார், நன்றாகச் சாப்பிடுவார். பிறகு திடீரென்று ஒருநாள் ரத்த வாந்தி வரும். அல்லது வயிறு நீர் கோர்த்துப் பானை மாதிரி ஆகும். அல்லது ஆளுக்குப் புத்தி தடுமாறும். "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தாரு" என்று வீட்டில் அழுவார்கள். உண்மையில் அவர் நேற்றும் நன்றாக இல்லை. அவருடைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் அதை முன்பே சொல்லியிருக்கும். யாரும் அந்த எண்ணைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்த எண்களை எப்படிப் பார்ப்பது என்பதுதான் இன்றையப் பேச்சு. ஈரலில் ஊசி குத்த வேண்டாம், முதல் கட்டத்திலேயே வாய் வழியாகக் குழாய் விட வேண்டாம். யாருக்கு ஆபத்து பக்கத்தில் இருக்கிறது, யாருக்கு இப்போதைக்கு இல்லை என்று இன்றைய மருத்துவம் பெரும்பாலும் பிரித்துச் சொல்லிவிடும்.

நமக்கு ஏன் இது அவசரம்?

கல்லீரல் சுருக்கத்தால் உணவுக்குழாயில் ரத்தக்குழாய் வெடித்தால், சிகிச்சை கொடுத்தாலும்கூட ஆறு வாரத்துக்குள் 100 பேரில் 15 முதல் 20 பேர் வரை இறந்துபோகிறார்கள். இது நல்ல மருத்துவமனையில் பார்த்த கணக்கு. நம் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பெரிய மருத்துவமனை என்றால் புதுச்சேரி ஏறக்குறைய 130 கிலோமீட்டர். அதுவும் ஆள் கரையில் இருந்தால். விசைப்படகில் பல நாள் தங்கலுக்குப் போன இடத்தில் வந்தால் என்ன செய்வது? கடலுக்கு 108 வராது. ஆகவே வந்தபின் ஓடுவதைவிட, வருமா என்று முன்பே தெரிந்துகொள்வது நகரத்துக்காரரைவிட நமக்குத்தான் அதிகம் தேவை.

முகத்துவாரம் மண்மேடிட்டால்

நோய் எப்படி வேலை செய்கிறது என்பதை உங்களுக்குச் சொல்வது சுலபம். அரசலாற்று முகத்துவாரம் மண்மேடிட்டால் என்ன ஆகும்? மேலே இருந்து வரும் தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லாமல் பின்னுக்குத் தேங்கும். பக்கத்து வாய்க்கால் எல்லாம் ததும்பும். கரை பலமில்லாத இடத்தில் உடைத்துக்கொண்டு போகும்.

வயிற்றுக்குள்ளும் இதே கதைதான். குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் ரத்தமெல்லாம் ஒரு பெரிய குழாய் வழியாகக் கல்லீரலுக்குள் போய், அங்கே சுத்தமாகி, இதயத்துக்குப் போக வேண்டும். மதுவாலோ, மஞ்சள் காமாலை பி, சி வைரஸாலோ, சர்க்கரை நோயும் உடல் பருமனும் கொண்டுவரும் கொழுப்பாலோ கல்லீரல் வருடக்கணக்கில் புண்பட்டுத் தழும்பேறினால், அந்த வழி அடைபடுகிறது. ரத்தம் பின்னுக்குத் தேங்கி அழுத்தம் ஏறுகிறது.

தேங்கிய ரத்தம் மண்ணீரலை வீங்க வைக்கிறது. உணவுக்குழாயின் சிறிய ரத்தக்குழாய்களில் புகுந்து அவற்றைப் புடைக்க வைக்கிறது. அவைதான் ஒருநாள் வெடிக்கின்றன. வயிற்றுக்குள் நீர் கசிந்து சேர்கிறது. கல்லீரல் வடிகட்ட வேண்டிய கழிவு பக்கவழியில் மூளைக்குப் போய்ப் புத்தியைக் கலக்குகிறது. நாலு விதமாகத் தெரிந்தாலும், பின்னால் ஏறிய அழுத்தம்தான் பெரிய காரணம்.

இந்த அழுத்தத்தை நேரடியாக அளக்கலாம். கழுத்து நரம்பு வழியாக மெல்லிய குழாயைக் கல்லீரல் வரை செலுத்திப் பார்ப்பார்கள். 5 மில்லிமீட்டர் பாதரசம் வரை சரி. 10 ஆனால் சிக்கல்கள் தொடங்கலாம். 12க்கு மேல் போனால் ரத்தக்குழாய் வெடிக்கலாம். ஆனால் எல்லோருக்கும் இதைச் செய்ய முடியாது. தேர்ந்த ஆட்களும் கருவிகளும் உள்ள பெரிய மருத்துவமனைகளில்தான் செய்வார்கள். அதனால்தான் வெளியே இருந்தே கணிக்கும் வழிகளைத் தேடினார்கள்.

உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் எண்கள்

முதல் வழி உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. தட்டணு, அதாவது பிளேட்லெட். டெங்கு வந்தபிறகு இந்த வார்த்தை தெரியாத வீடே கிடையாது. சாதாரணமாக ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்க வேண்டும். மண்ணீரல் வீங்கினால் தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தட்டணு உருவாகத் தூண்டும் பொருளைக் கல்லீரலும் சரியாகச் சுரக்காது. அதனால் காய்ச்சல் எதுவும் இல்லாமலேயே தட்டணு ஒன்றரை லட்சத்துக்குக் கீழே இருந்தால், "ஏன்?" என்று கேட்க வேண்டும். போன வருடம் 1.9 லட்சம், இந்த வருடம் 1.3 லட்சம் என்று இறங்கிக்கொண்டே வந்தால் கட்டாயம் கேட்க வேண்டும். பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள் என்று நாங்கள் சொல்வது இதற்காகத்தான்.

இரண்டாவது, ஃபிப்-4 என்ற கணக்கு. இதற்கு நாலு எண்கள் போதும்: வயது, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., தட்டணு. வயதையும் எஸ்.ஜி.ஓ.டி.யையும் பெருக்குங்கள். தட்டணுவை ஆயிரக்கணக்கில் எடுத்து, அதாவது 1.1 லட்சம் என்றால் 110 என்று வைத்து, எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதலில் வந்ததை இரண்டாவதால் வகுங்கள். போனில் இருக்கும் கால்குலேட்டரே போதும். படிக்கிற பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் போட்டுவிடுவார்கள்.

கணக்குக்காக இரண்டு பேரை வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு வயது 40, எஸ்.ஜி.ஓ.டி. 36, எஸ்.ஜி.பி.டி. 36, தட்டணு 2.4 லட்சம். விடை 1. இன்னொருவருக்கு வயது 52, எஸ்.ஜி.ஓ.டி. 80, எஸ்.ஜி.பி.டி. 49, தட்டணு 1.1 லட்சம். விடை ஏறக்குறைய 5.4. பொதுவாக 1.3க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 2.67க்கு மேல் இருந்தால் அடுத்த பரிசோதனைக்குத் தாமதிக்கக் கூடாது. இடையில் இருந்தால் டாக்டர் பார்த்து முடிவு செய்வார். 65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கீழ்வரம்பை 2 என்று வைப்பார்கள். 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கை அவ்வளவாக நம்ப முடியாது.

ஒரு எச்சரிக்கை. காய்ச்சலோடு இருக்கும்போது எடுத்த ரிப்போர்ட்டை வைத்து இந்தக் கணக்கைப் போடாதீர்கள். டெங்குவில் தட்டணு தானாக இறங்கும். தொடர்ந்து குடிக்கும்போதும் தட்டணு குறையும், எஸ்.ஜி.ஓ.டி. ஏறும். ஆகவே எண் கெட்டதாக வந்தால் சிரோசிஸ் என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ள வேண்டாம். எண் நல்லதாக வந்தது என்று கடைப்பக்கம் போகவும் வேண்டாம். இது கதவைத் தட்டும் சத்தம் மாதிரி. யார் வந்திருக்கிறார்கள் என்று திறந்து பார்க்க வேண்டியது டாக்டர்.

பத்து நிமிட ஸ்கேன்

அடுத்தது ஃபைப்ரோஸ்கேன். பிரான்ஸ் நாட்டில் கண்டுபிடித்து 2003 முதல் புழக்கத்துக்கு வந்தது. வலது விலா எலும்புகளுக்கு இடையே ஒரு கருவியை வைத்து மெல்லிய அதிர்வைக் கொடுப்பார்கள். மெத்தென்ற ஈரலில் அதிர்வு மெதுவாகப் போகும், இறுகிய ஈரலில் வேகமாகப் போகும். அந்த வேகத்தை வைத்து இறுக்கத்தைக் கிலோபாஸ்கல் என்ற அளவில் சொல்லும். வலி கிடையாது. மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் போக வேண்டும், அவ்வளவுதான். வயிற்றில் ஏற்கெனவே நீர் கோர்த்தவர்களுக்கு இந்த ஸ்கேன் சரிவராது. மஞ்சள் காமாலை தீவிரமாக இருக்கும்போதும், சமீபத்தில் நிறையக் குடித்திருந்தாலும் இல்லாத இறுக்கத்தைக் காட்டும்.

இத்தாலியில் பவேனோ என்று ஒரு ஊர். அந்த ஊர்ப் பெயரால் அழைக்கப்படும் கூட்டத்தில் உலகத்துக் கல்லீரல் மருத்துவர்கள் சேர்ந்து பேசி விதிகள் வகுக்கிறார்கள். 2015இல் அவர்கள் சொன்ன விதி நமக்கு ரொம்ப உபயோகமானது. சிரோசிஸ் இருந்தும் இன்னும் சிக்கல் எதுவும் வராதவருக்கு, ஸ்கேன் அளவு 20க்குக் கீழேயும் தட்டணு ஒன்றரை லட்சத்துக்கு மேலேயும் இருந்தால், வெடிக்கக்கூடிய பெரிய ரத்தக்குழாய் இருக்க வாய்ப்பு 100க்கு 5க்கும் குறைவு. அவருக்கு இப்போதைக்கு எண்டோஸ்கோபி தேவையில்லை. வருடம் ஒருமுறை இந்த இரண்டு எண்ணையும் மறுபடி பார்த்தால் போதும். 2021இல் இன்னொன்றும் சேர்த்தார்கள். மதுவாலோ வைரஸாலோ வந்த சுருக்கத்தில் ஸ்கேன் அளவு 25 அல்லது அதற்கு மேல் இருந்தால், பின்னழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

தெரிந்தால் என்ன லாபம்?

"தெரிஞ்சு என்ன சார் பண்றது, பயந்துக்கிட்டே இருக்கறதுதானா?" என்று கேட்பீர்கள். இல்லை. செய்ய முடிகிறது என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

பின்னழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. புரோப்ரனலால், கார்வெடிலால் என்று பெயர். புதியவை அல்ல, விலையும் அதிகமில்லை. ஸ்பெயின் நாட்டில் பின்னழுத்தம் ஏறியும் சிக்கல் வராத 201 பேரிடம் செய்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. மாத்திரை எடுத்தவர்களில் 100க்கு 16 பேருக்குச் சிக்கலோ மரணமோ வந்தது. எடுக்காதவர்களில் 100க்கு 27 பேருக்கு வந்தது. முக்கியமாக வயிற்றில் நீர் கோர்ப்பது குறைந்தது. ரத்தக்குழாய் பெரிதாகப் புடைத்திருந்தால், வெடிக்கும் முன்பே ரப்பர் வளையம் போட்டுக் கட்டவும் முடியும். இப்படி முன்கூட்டியே கட்டுவதைப் பற்றி தில்லி ஜி.பி. பந்த் மருத்துவமனை மருத்துவர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வை உலகமெங்கும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

ஆனால் ஒன்று. இந்த மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்காரர் எடுக்கிறார் என்று வாங்கிப் போடாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், ரத்த அழுத்தம் குறைவாக உள்ளவர்களுக்கும் ஆபத்து. டாக்டர் பார்த்துத்தான் அளவு சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மருந்து குடியை நிறுத்துவது. சாராயமா, பிராந்தியா, பீரா, கள்ளா என்று ஈரலுக்கு வித்தியாசம் தெரியாது. சுருக்கம் வந்தபிறகு நிறுத்தினாலும் பின்னழுத்தம் இறங்க வாய்ப்பு உண்டு, ஆயுளும் கூடும். "இனிமே நிறுத்தி என்ன ஆகப்போவுது" என்பது தவறான பேச்சு. தினமும் குடிப்பவர்கள் ஒரேநாளில் நிறுத்தினால் கைநடுக்கமும் வலிப்பும் வரலாம். அதனால் டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

அம்மாமார்கள் கவனிக்க வேண்டியவை

சில அறிகுறிகளை ரத்தப் பரிசோதனையைவிட வீட்டில் இருப்பவர்கள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள். பகலில் தூக்கம், இரவில் விழிப்பு. கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடவென்று விழுவது. சில்லறை எண்ணத் தடுமாறுவது. இவை புத்தித் தடுமாற்றத்தின் ஆரம்பம்.

இதற்கு எளிய சோதனை ஒன்று இத்தாலியில் ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகங்களின் பெயர் சொல்ல முடிகிறது என்று எண்ணுங்கள். 15க்கு மேல் சொன்னால் பெரும்பாலும் பயமில்லை. 10க்குக் கீழே என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். மிருகம் பேரைத்தான் கேட்க வேண்டும். மீன் பேரைக் கேட்டால் நம்ம ஊரில் எல்லோரும் பாஸாகிவிடுவார்கள்!

வாரம் இருமுறை எடை பாருங்கள். உடம்பு மெலிந்துகொண்டே எடை மட்டும் ஏறினால் அது நீர். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, நீர் கோர்த்த வயிற்றில் வலியோடு காய்ச்சல் வந்தாலோ காத்திருக்கக் கூடாது. ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாய்க்கு எதுவும் கொடுக்காமல் 108க்குப் போன் செய்யுங்கள்.

சாப்பாட்டில் உப்பைக் குறையுங்கள். நீர் கோர்த்தவர்களுக்குக் கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம். அதற்காக மீனை நிறுத்தாதீர்கள். சத்து குறைந்தால் தசை கரையும். நல்ல மீனை நன்றாக வேகவைத்து, உப்பு குறைத்துக் கொடுங்கள். படுக்கும் முன் சிறிது ஏதாவது சாப்பிட வேண்டும்.

இன்னொன்று நம்ம கடலோரத்துக்கே உரியது. கடல் தண்ணீரில் விப்ரியோ என்ற கிருமி உண்டு. சிரோசிஸ் உள்ளவருக்கு அது ரத்தத்தில் கலந்தால் ஒரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. அவர்கள் காலில் புண்ணோடு கடலில் இறங்கக் கூடாது. சிப்பி, மட்டி எதையும் அரைவேக்காட்டில் சாப்பிடக் கூடாது.

வலை இழுத்து உடம்பு வலிக்கிறது என்று மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். இவர்களுக்குச் சிறுநீரகம் பழுதாகும், ரத்தக் கசிவும் வரும். கீழாநெல்லியைப் பற்றியும் கேட்பீர்கள். அதை மஞ்சள் காமாலை பி வைரஸுக்குக் கொடுத்துப் பார்த்த சென்னை ஆய்வு 1988இல் லான்செட் இதழில் வந்தது. நம்பிக்கை தந்த ஆய்வுதான். ஆனால் பிறகு மற்ற இடங்களில் செய்தபோது அந்தப் பலன் உறுதியாகவில்லை. சுருங்கிய ஈரலை அது சரிசெய்யும் என்று நம்பி மருத்துவமனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

எங்கே போவது, என்ன கேட்பது?

முதல் படி உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையம், அடுத்து காரைக்கால் அரசு பொது மருத்துவமனை. மேல்சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மரில் குடல், கல்லீரல் நோய்க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. போகும்போது பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். 14 இலக்க ஆபா எண் எடுத்துக்கொண்டால் ரிப்போர்ட்டுகளை அதோடு இணைத்து வைக்கலாம், படகில் நனைந்து போகாது.

டாக்டரிடம் நாலு கேள்வி கேளுங்கள். "என் தட்டணு எவ்வளவு, போன தடவையைவிடக் குறைஞ்சிருக்கா? என் ஃபிப்-4 எவ்வளவு? எனக்கு ஃபைப்ரோஸ்கேனோ எண்டோஸ்கோபியோ வேணுமா? மாத்திரை தேவையா?" கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கேட்டால் எங்களுக்கும் நல்லதுதான்.

மஞ்சள் காமாலை பி, சி வைரஸ்களுக்கு 2018 ஜூலை 28 முதல் நடக்கும் தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஆயுஷ்மான் பாரத் அட்டை உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு உண்டு. விவரத்துக்கு 14555. 70 வயது தாண்டியவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேச இ-சஞ்சீவனி. குடியை விட உதவி வேண்டுமா, 14446. மனசு கனமாக இருக்கிறதா, 14416. எல்லாம் இலவசம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகைக் கரையேற்றி, பலகை பார்த்து, எஞ்சின் பார்த்து, வண்ணம் அடிக்கிறீர்கள். அந்த இரண்டு மாதத்தில் ஒரு காலைப்பொழுதை உங்கள் ஈரலுக்கு ஒதுக்குங்கள். குடிப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள், உடல் பருத்தவர்கள், மஞ்சள் காமாலை பி அல்லது சி இருப்பவர்கள் வருடம் ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பாருங்கள். சிரோசிஸ் என்று ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு, புற்றுநோய் வருகிறதா என்று பார்க்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் வேண்டும். தடைக்காலத்தில் ஒன்று, தீபாவளியை ஒட்டி ஒன்று என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

அடுத்த தங்கலுக்குப் போகும் முன் உங்கள் தட்டணு எவ்வளவு என்று உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும், வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சந்தேகம் இருப்பவர்கள் இப்போதே கேட்கலாம்.